இறக்கத்தில் அணைத்த என்ஜின்

மழை விட்ட காலை. சிவப்பு பானெட்டின் மேல் வேப்பம்பூ. ஒவ்வொரு பூவிலும் ஒரு சொட்டு வெயில்.

தன் முதல் காரை நினைத்தால் கோகிலவாணிக்கு இதுதான் முதலில் வரும். அப்போது இருபத்து நான்கு வயது. மில் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சம்பளத்தைச் சேர்த்து வாங்கிய பழைய கார். ஆனால் வேகமென்றால் அப்படியொரு வேகம்.

அவிநாசி ரோட்டில் பஸ்கள் பின்னால் போகும். புளியமரங்கள் பின்னால் போகும். அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள்கூடப் பின்னால் போவார்கள்.

அம்மா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். "ஒருக்கா ஏதாச்சும் ஆச்சுன்னா, அன்னைக்கே வித்துப்போடோணும்" என்று அப்பாவிடம் வாக்கு வாங்கி வைத்திருந்தாள். அப்பா சொன்ன சொல் தவறாதவர். தீக்குச்சியைக்கூட இரண்டாகப் பிளந்து மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்.

கோத்தகிரியில் ஒரு கல்யாணம். அப்பாவும் அவளும் மட்டும் போனார்கள். திரும்பும்போது மலையெங்கும் மஞ்சள் வெயில்.

"என்ஜினை ஆப் பண்ணிப்போடு கண்ணு. எறக்கத்துல பெட்ரோல் எதுக்கு?" என்றார் அப்பா.

ஊரில் பலரும் செய்வதுதான். நியூட்ரலுக்குத் தள்ளி, அணைத்தாள்.

ஆகா, அந்த அமைதி! காற்று மட்டும். தேயிலை, தேயிலை, தேயிலை. கார் தானாக இறங்கியது. இறங்க இறங்க வேகம். பிரேக்கை மிதித்தாள். மிதித்துக்கொண்டே இருந்தாள். கருகல் வாடை வந்தது. ஐந்தாவது வளைவில் பிரேக் காலோடு உள்ளே போயிற்று. கார் நிற்கவில்லை.

அப்பா முருகனைக்கூடக் கூப்பிடவில்லை.

சாவியைத் திருப்பினாள். கிளச். இரண்டாவது கியர். என்ஜின் அலறிற்று. கார் குலுங்கி, முரண்டு பிடித்து, பாறையோரம் போய் நின்றது.

அழுதாள். உயிருக்காக இல்லை. போச்சு, இனி காரை விற்றுவிடுவார்கள் என்றுதான் அழுதாள். சக்கரங்கள் ஆறும்வரை அப்பா சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். பனி வந்து மூடி, விலகிப் போயிற்று.

"எம் புத்தியச் செருப்பால அடிக்கோணும்" என்றார்.

வாசலிலேயே அம்மா நின்றிருந்தாள். "வண்டி எப்பிடிங்க வந்துச்சு?"

கோகிலவாணி அப்பாவைப் பார்த்தாள்.

"பஞ்சாட்ட மெதுவா எறங்குச்சு" என்றார் அப்பா. கால் கழுவப் போய்விட்டார்.

அவருக்குப் பொய் சொல்ல வரும் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

இப்போது அவளுக்கு அறுபது வயது. அப்பா இல்லை, கார் இல்லை. வேகம் என்று யார் சொன்னாலும் அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிறுதான் நினைவில் வந்து நிற்கிறது. அம்மா பார்க்கப் பார்க்க, அப்பா முன்கதவைத் திறந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "பழனிக்கு உடு கண்ணு" என்றார்.

வழியில் வேகமுள் நூறைத் தொட்டது. அப்பா கண்ணை மூடிக்கொள்ளவில்லை.