அட்டையில் இருந்த பழைய சொல்

எனக்கு ஆங்கிலம்தான் தெரியாது. கண் நன்றாகத் தெரியும். காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க வந்த வெளிநாட்டுக் குழுவைக் கிளிநொச்சியில் சந்திக்கப் போகிற எங்களுக்கு அப்புத்துரை மாஸ்டர் அட்டைகள் எழுதித் தந்தார். காணாமல் போனவரின் படம், கீழே ஆங்கிலத்தில் பெயர், அட்டை பிடிக்கிறவள் அவருக்கு என்ன முறை என்பது. புருஷனைத் தேடுகிற பெண்கள் எல்லோருக்கும் ஒரே சொல். எனக்கு மட்டும் வேறு சொல்.

மாஸ்டரின் குணம் ஊருக்கே தெரியும். ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார். தடித்த அகராதியைக் குடைந்து, வெள்ளைக்காரனே மறந்துபோன சொற்களைத் தேடி எடுப்பார். முரசுமோட்டையில் வாய்க்கால் உடைந்தபோது அவர் எழுதிய மனுவைப் பார்த்து அரசாங்கக் கந்தோர்க்காரர் ஒரு கிழமை முழுக்கத் தலையைச் சொறிந்தார்களாம். எனக்கும் ஒரு சோடனைச் சொல் போட்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

மகள் யதுர்ஷிகா போனில் தட்டிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

“றெலிக்ட் எண்டு கிடக்கு, அம்மா. பழைய சொல்லாம். இப்ப ஒருத்தரும் பாவிக்கிறேல்லையாம்.”

“கருத்தைச் சொல்லடி.”

“விதவை.”

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. முள்ளிவாய்க்காலில் கஞ்சி வாங்கப் போன என் புருஷன் தயாபரன் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து பொட்டை அழிக்காமல் தேடுகிறேன். மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவி தருகிறோம் என்று வந்தவர்களைத் திட்டித் துரத்தியிருக்கிறேன். இந்த மனிசன் ஒரு சொல்லால் அவரைச் சாகடித்துவிட்டாரே! அட்டையைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன்.

முற்றத்தில் கதிரையில் இருந்தார். அட்டையை மடியில் போட்டேன்.

“உங்கட வித்துவத்தைக் காட்ட என்ர மனிசன்தானோ கிடைச்சார்? மற்றவளவைக்கெல்லாம் மனிசி எண்டு எழுதிப்போட்டு, எனக்கு மட்டும் ஏன் இந்தக் கோதாரிச் சொல்?”

பதிலுக்குச் சண்டை பிடிப்பார் என்று பார்த்தேன். அவர் தலை நிமிரவில்லை.

“ராஜினி, மற்றவையின்ர ஆக்களுக்கு என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியாது, பிள்ளை.”

“அப்ப என்ர மனிசனுக்கு?” என்றேன்.

“தயாபரன் கஞ்சி வரிசையில எனக்கு முன்னால நிண்டவன். செல் விழுந்து வெடிச்சது. நான் கண்டனான். பங்கருக்குள்ள கிடத்தி மண் போட்டதும் நான்தான்.”

“ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?” என்று கத்தினேன்.

“எத்தினை தரம் உன்ர வீட்டு வாசல் படலை மட்டும் வந்திருப்பன். நீ பொட்டோட வந்து, ‘வாங்கோ மாஸ்டர், தேத்தண்ணி குடியுங்கோ’ எண்டு சிரிப்பாய். வாய் வராது. இந்த முறை அவன்ர பேருக்குக் கீழ பொய் எழுதக் கையும் வரேல்லை. உனக்கு விளங்காத சொல்லாப் பாத்துத் தேடி எடுத்தன்.”

அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அவர் காலடியில் விழுந்து அழவேண்டும் போலவும் இருந்தது.

“முகத்தை மூடினனீங்களோ?” என்று கேட்டேன்.

“ஓம் பிள்ளை. என்ர சால்வையால.”

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. முற்றத்து மண்ணில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதேன். மாஸ்டர் பேனையை எடுத்து அந்தச் சொல்லை வெட்டப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“வெட்டாதேங்கோ. நாளைக்கு நீங்களும் என்னோட வாறியள். அந்த வெள்ளைக்காரருக்கு முன்னால நிண்டு, சின்னப்பிள்ளைக்கும் விளங்கிற இங்கிலீசில, ‘நான் கண்டனான்’ எண்டு சொல்லுறியள்.”

அங்கேயே ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தார். முதல் சொல்லோடு நின்றுவிட்டார். திரும்பவும் சொல்லச் சொன்னேன்.