மதிவாணனுக்குக் கண்ணீர் அஞ்சலி

என் சித்தப்பா இறந்துபோன செய்தியை அவரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். கொல்லையில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். எப்போது என்று கேட்டார். நேற்று ராத்திரி என்று போட்டிருக்கிறார்கள் என்றேன். வாயைக் கொப்பளித்துவிட்டு, காப்பி கொண்டுவந்தாயா என்றார்.

நடந்தது இதுதான். சித்தப்பா பழைய சினிமாக் கதாநாயகன். ஊரில் காயாரோகணம், திரையில் மதிவாணன். கறுப்பு வெள்ளைக் காலத்தில் குதிரையேறி வாள் சுழற்றியவர். தஞ்சாவூரில் அவருக்கு இன்னும் ஒரு ரசிகர் மன்றம் இருக்கிறது. மிச்சமிருக்கிற உறுப்பினர்கள் எல்லாரும் முட்டிவலிக்காரர்கள். அவருடைய பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லி எங்கள் குடவாசல் பஸ் ஸ்டாண்டில் ஃபிளெக்ஸ் வைக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். ஃபிளெக்ஸ் கடைக்காரன் படத்தைப் பார்த்தான். கறுப்பு வெள்ளையில் சிரிக்கிற ஒரு மனிதன் உயிரோடு இருப்பான் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்துக் ‘கண்ணீர் அஞ்சலி’ என்று அடித்துக் கொடுத்துவிட்டான். மன்றத்து ஆட்கள் கண்ணாடி போடாமல் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். விடிவதற்குள் அது வாட்ஸ்அப்பில் ஏறி, டிவியில் அடிவரியாக ஓட ஆரம்பித்துவிட்டது.

எனக்கு அன்றைக்கு வயலில் அறுப்பு மிஷின் இறங்க வேண்டிய நாள். அதை விட்டுவிட்டு வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் என் சித்தப்பா சாகவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த யானைக்கு இறந்தால்தான் பொன். வருஷக்கணக்காக ஒரு நாய்கூட எட்டிப்பார்க்காத வீட்டுக்குக் கார் காராக வந்தார்கள். உயிரோடு இருக்கிறார் என்றதும் சிலருக்கு முகம் தொங்கிப்போனதையும் பார்த்தேன். கீழ்வேளூரிலிருந்து வந்த ஒருவர், வாங்கியது வாங்கியாச்சு, வைத்துக்கொள்ளுங்கள் என்று ரோஜா மாலையை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

சித்தப்பா இதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்.

"வல்லிக்குத் தெரிஞ்சிருக்குமாடா?"

வல்லி அவருடைய ஒரே மகள், ஆனந்தவல்லி. சிங்கப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். அப்பாவோடு பேச்சு நின்று ஒரு தலைமுறையே ஆகிவிட்டது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சித்தப்பா பட்டணத்தில் புகழோடும் இன்னொரு பெண்ணோடும் இருந்தார். சித்தி இங்கே மாடு கறந்துகொண்டு இருந்தாள். பொங்கலுக்கு அவர் கார் வந்தால் ஊரே சுற்றிக்கொள்ளும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வல்லி கிட்டே போவதற்குள் கார் கிளம்பியிருக்கும். ஒரு படத்தில் அவர் ஒரு குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு பாடுவார். டூரிங் கொட்டகையில் மணலில் உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டு, அந்தப் பாப்பா யாரு, அதை மட்டும் ஏன் தூக்குறாரு என்று வல்லி வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள். நானும் சின்னப் பையன்தான், என்ன சொல்வேன். அப்பாவைப் பார்க்க அவளுக்கு டிக்கெட் வாங்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கலர் படங்கள் வந்தபின் சித்தப்பாவை யாரும் கூப்பிடவில்லை. அந்தப் பெண் போனாள், பணம் போனது, சித்தியும் காலமானாள். கடைசியில் ஊருக்கு வந்தார். வீடு காலியாக இருந்தது. தனிமை என்றால் என்ன என்று அவரைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். நான் சாப்பாடு கொண்டுபோனால், தின்று முடிக்கும்வரை இருந்துவிட்டுப் போ என்பார். எனக்கு வேலை இருக்கும். பாதி நாள் இருக்கமாட்டேன்.

வல்லிக்குத் தெரிந்திருக்கும், நானே கூப்பிட்டு நீங்கள் இருக்கிறீர்கள் என்று சொல்லிவிடுகிறேன் என்று போனை எடுத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கையில் இன்னும் பலம் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நாலு மணி நேரப் பயணம்தான், கிளம்பினால் சாயங்காலத்துக்குள் வந்துவிடுவாள் என்றார். உயிரோடு இருக்கிறேன் என்று சொன்னால் கிளம்பமாட்டாள் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்கும் தெரியும்.

"அவ வந்து சேரட்டும். அப்பறம் திட்டிக்கிட்டுப் போவட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. பெற்ற பெண்ணிடம் ஆடுகிற ஆட்டமா இது என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் போன் அடித்தது. வல்லியேதான். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா போனைப் பறித்து, ஸ்பீக்கரில் போட்டு, அலோ என்றார்.

யார் பேசுறது என்று கேட்டாள். ஒரு காலத்தில் தமிழ்நாடே தெரிந்துவைத்திருந்த குரல். மகளுக்குத் தெரியவில்லை. அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

"பக்கத்து வீடும்மா."

எப்போது எடுக்கிறீர்கள் என்றாள். அழவில்லை. கல்யாணம் காட்சிக்கு நேரம் விசாரிக்கிற மாதிரிதான் கேட்டாள்.

"நீ வரணும்னுதாம்மா வச்சிருக்கோம்."

"எனக்காக வைக்க வேணாங்க, எடுத்துடுங்க" என்றாள்.

சித்தப்பா சரிம்மா என்றார். போனைப் பிடித்திருந்த கை மடியில் இறங்கிவிட்டது. அவள் இன்னும் வைக்கவில்லை. எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை வீடியோவில் முகத்தை மட்டும் காட்டச் சொல்லுங்கள், வைரக்கண்ணு அண்ணனிடம் சொல்லுங்கள் என்றாள். வைரக்கண்ணு நான்தான். அதற்கும் சரிம்மா என்றார்.

வைத்ததும் எழுந்து, அந்த ரோஜா மாலையை எடு என்றார். எதற்கென்று எனக்குப் புரிந்துவிட்டது. முடியவே முடியாது என்றேன். அவள் அழுது மடிவாள் என்றேன்.

"அழுவாங்கிறியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த ஆசையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பிறகு சொன்னார்: "என்னைப் பாக்கணும்னு அவ கேட்டு நான் முகம் குடுக்காமப் போனதுதாண்டா எல்லாம். இப்பக் கேட்டிருக்கா."

நான் போய் மாலையை எடுத்துவந்தேன். கூடத்துப் பெஞ்சில் தலையணையை அவரே தெற்குப் பக்கம் போட்டார். ஒரு வேட்டியை எடுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொண்டார். மாலையைப் போட்டேன். சந்தனம் குழைத்து நெற்றியில் காசு ஒட்டினேன். அவர் கண்ணை மூடியதும் மூச்சு இருக்கிறதா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த வித்தையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

வீடியோ கால் வந்தது. போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். வல்லிக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். இன்னும் கிட்ட என்றாள். கிட்டக் கொண்டுபோனேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சீக்கிரம் வைத்துத் தொலையேன் என்று நான் மனதுக்குள் கும்பிட்டேன். அவள் உதடு கோணியது. விரலை நீட்டித் திரையைத் தொட்டாள் போலிருக்கிறது, படம் ஒரு பக்கம் மறைந்தது.

"அப்பா" என்றாள்.

"என்னம்மா?" என்றார் சித்தப்பா.

கண்ணைத் திறந்தே விட்டார். நெற்றிக் காசு உருண்டு கீழே விழுந்தது. எத்தனையோ டைரக்டர்களிடம் அசையாமல் கிடந்த மனிதர், இதற்கு அசைந்துவிட்டார். வல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். அவளும் பார்த்தாள், அவரும் பார்த்தார். பிறகு போன் கட்டாகிவிட்டது.

நான் திரும்பத் திரும்ப அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மணியும் போகவில்லை. இனி ஜென்மத்துக்கும் பேசமாட்டாள், கெடுத்தீர்களே என்று கத்தினேன். அவர் மாலையோடு எழுந்து உட்கார்ந்து, என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"அப்பான்னுதானே கூப்பிட்டா? உனக்கும் கேட்டுச்சா?"

கேட்டது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன்.