ராஸ்கோவுக்கு ஒரு டார்ச்

ஆஸ்திரேலியாவின் எடித்பர்க் கடல்பாலத்தின் அடியில் இரவில் முங்குகிறவர்களுக்கு டார்ச்தான் வாய். வட்டமாகச் சுழற்றினால் "நல்லா இருக்கியா?" என்று கேள்வி, பதிலுக்குக் கூட்டாளியும் சுழற்ற வேண்டும். குறுக்கே ஆட்டினால் ஆபத்து, உடனே வா என்று அர்த்தம். போன சனிக்கிழமை ராஸ்கோ தூண்டில் நரம்பில் மாட்டிக்கொண்டு கை வலிக்கக் குறுக்கே ஆட்டினான். பக்கத்திலேயே மிதந்த க்ளெம், கோடு போட்ட குட்டிக் கணவாய் ஒன்றை ரசித்துக்கொண்டிருந்தான்.

கரையேறியதும், "உன் டார்ச் மெழுகுவத்தி மாதிரி எரியுது, எவனுக்குத் தெரியும்?" என்று க்ளெம் பழியை டார்ச்சின் தலையில் கட்டினான். கண்ணின் ஓரங்கள் ஒரு வருஷமாகவே சுருங்கி வருவதை அவன் டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் ராஸ்கோ அவனோடு கடலில் இறங்கமாட்டான். மனைவி விட்டுப் போனபின் க்ளெமுக்கென்று மிஞ்சியது அந்தச் சனிக்கிழமை இருட்டு ஒன்றுதான்.

ஆகவே ராஸ்கோவுக்கு டார்ச் வாங்க இருவரும், முங்குகிறவர்களுக்குச் சாமான் விற்று சிலிண்டரில் காற்றும் நிரப்பித் தரும் ப்ரான்வென் கடைக்குப் போனார்கள்.

"நீயே பொறுக்குடா. உன் கண்ணுக்குத்தானே தெரியல" என்றான் ராஸ்கோ.

"வெளிச்சத்துல வச்சுப் பாத்தா எல்லா டார்ச்சும் சூரியன்தான். உள்ள வாங்க கிழவனுங்களா" என்று ப்ரான்வென் ஜன்னலில்லாத பின்னறைக்கு அழைத்துப் போய் விளக்கை அணைத்தாள். எதிர்ச்சுவரில் ஒரு டார்ச்சை அடித்தாள். அணைத்துவிட்டு இன்னொன்றை அடித்தாள். "எது?"

"ரெண்டும் ஒண்ணுதானே. எது விலை கம்மியோ அதக் குடு" என்றான் க்ளெம்.

ப்ரான்வென் சிரித்தாள். "பேரம் பேசுற லட்சணமா இது? மொதல்ல அடிச்சது தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம். இது செவுரு முழுக்க வெளுத்துக் கிடக்கு. ஒண்ணாம்ல!"

க்ளெம் நாக்கைக் கடித்துக்கொண்டான். ப்ரான்வென் டார்ச்சை அணைத்தாள். இருட்டில் ராஸ்கோ நகர்வது கேட்டது.

"க்ளெம், நேராப் பாரு. இப்ப நான் என்ன கேட்டேன்?"

"வாயத் தொறக்காம என்னடா கேட்ட?"

யாரும் சிரிக்கவில்லை. ப்ரான்வென் அறை விளக்கைப் போட்டாள். க்ளெம் தலையைத் திருப்பினான். அவன் தோளுக்குப் பக்கத்துச் சுவரில் ராஸ்கோ கையில் எடுத்திருந்த முதல் டார்ச்சின் வெளிச்சம் வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"சொல்லியிருக்கலாம்டா" என்றான் ராஸ்கோ. "அந்த நரம்புல நான் செத்திருப்பேன்."

"பகல்லயாவது... கரையோரமா..." என்று க்ளெம் இழுத்தான்.

ராஸ்கோ தரையைப் பார்த்தான். ப்ரான்வென் இரண்டு டார்ச்சையும் பெட்டியில் வைத்து மூடினாள். "கோவிச்சுக்காத க்ளெம். இனிமே உன் சிலிண்டர்ல நான் காத்து நிரப்ப மாட்டேன்."

வெளியே வந்ததும் ராஸ்கோ கையை நீட்டினான். "வண்டிச் சாவி."

"டேய், வீடு அஞ்சு நிமிஷம்டா."

நீட்டிய கை அப்படியே நின்றது. க்ளெம் சாவியைக் கொடுத்தான்.

வண்டி கடலோரமாகவே போனது. தலையைத் திருப்பினால் பாலம் தெரியும். க்ளெம் திருப்பவில்லை.