லூதர் தட்டிய மோர்ஸ்

மனிதகுலம் தொலைவை வென்ற வரலாற்றில் ஓஹியோவின் லூதர் ஹோஸ்டெட்லருக்குத் தனி அத்தியாயம் உண்டு என்று லூதரே சொல்லிக்கொண்டார். உதிரிபாக கிட் வாங்கித் தானே ஈயம் வைத்துப் பற்றவைத்த மத்திய அலை டிரான்ஸ்மிட்டரை யாரும் கேட்காவிட்டால் ரேடியோ கிளப் தலைவர் பதவியை விட்டுவிடுவதாக, தானும் ஒரு டிரான்ஸ்மிட்டர் செய்திருந்த உறுப்பினர் வெர்னாவிடம் சவாலும் விட்டிருந்தார். தந்தி அடிக்கும் மோர்ஸ் சாவியைத் தட்டினார். ரிசீவரில் உடனே பதில் வந்தது: பிரமாதமான சிக்னல்! கிளப்பே எழுந்து கைதட்டியது.

"பாத்தியா வெர்னா? உன் பெட்டி கொசு மாதிரில்ல முனகுச்சு!"

"ஆமாங்க தலைவரே. பதில் சொன்னது வெளியே கார்ல ரேடியோவோட இருக்கிற என் புருஷன்."

"அவனுக்கும் கேட்டுச்சுல்ல!"

"எங்க கேட்டுச்சு? நான்தான் பதில் அனுப்பச் சொல்லி போன்ல மெசேஜ் போட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். லூதர் குனிந்து பார்த்தார். டிரான்ஸ்மிட்டரில் அலையை வெளியே விடாமல் விழுங்கும் சோதனை டப்பாதான் மாட்டியிருந்தது. ஏரியல் கம்பி மேஜைக்கடியில் கிடந்தது.