அசைந்தால் எரியும் பல்பு

என் கணவர் சத்யராஜ் கெட்டவரல்ல. மூன்று பல்பு வாங்கி வந்த அன்றைக்கு மட்டும் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஆள் நடமாட்டம் இருந்தால் தானே எரியும், இல்லாவிட்டால் இரண்டு நிமிடத்தில் தானே அணைந்துவிடும் பல்பு. கழிவறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று மாட்டினார். மூன்றாவதைத் தறி அறைக்குக் கொண்டுபோனார்.

"நீ எப்பப் பாரு லைட்ட போட்டுட்டுப் போய்க்கினே இருக்கிற கலை. உன் தங்கச்சி வீட்டு மாடியில சாம்பல் கொட்டுதே, அது எங்கருந்து வருது? நாம எரிக்கிற கரண்டுக்கு நிலக்கரி எரிக்கிறதாலதானே?"

என் தங்கை துளசி அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறாள். அவள் மகள் சிம்ரனுக்கு எந்நேரமும் இருமல். அவர் சொன்னதில் பொய்யில்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

என் வேலை பாவு பிணைப்பது. தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு; பழைய பாவு தீர்ந்ததும், அதன் நுனி இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். நாலாயிரத்துக்கு மேல் இழை, எல்லாம் தலைமுடியைவிட மெல்லிசு. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறி அறை பட்டப்பகலிலும் இருட்டு. வேலைக்கு உட்கார்ந்தால் விரல் நுனி தவிர எனக்கு எதுவும் அசையாது. அந்தப் பல்புக்கு நான் ஆளாகவே தெரியவில்லை. அணையும்போதெல்லாம் இழையை விட்டுவிட்டுக் கையை ஆட்டுவேன், எரியும். பிறகு விட்ட இழையைத் தேடுவேன்.

மதியத்துக்குள் எங்கேயோ ஓரிழை மாறிவிட்டது. ஒன்று மாறினால் பின்னால் வருவது அத்தனையும் மாறும். எண்ணூறு இழையைப் பிரித்தேன். அழுகை வந்தது, அழுதேன்.

சாப்பிட வந்தவரைப் பிடித்து என் இடத்தில் உட்காரவைத்தேன்.

"பத்து இழை பிணைச்சிட்டு எழுந்திருங்க, சோறு போடறேன்."

இரண்டாவது இழையிலேயே விளக்கு அணைந்தது.

"ஐயோ, இழை எங்க போச்சு?"

"அதத்தான் காலையிலருந்து நான் தேடிக்கினு இருக்கிறேன்."

உடனே எழுந்தார். சாதாரண எல்.இ.டி. பல்பை மாட்டி, சுவிட்சை என் கைக்கு எட்டும்படி இறக்கிவைத்தார். "அணைக்கிறது உன் பொறுப்பு," என்றார்.

சாயங்காலம் பாதி வேலையில் துளசி போன் செய்தாள். பேச்சுக்கு நடுவே சிம்ரன் இருமத் தொடங்கினாள், நிற்கவே இல்லை. முன்பெல்லாம் நான் பேசுகிறபோது விளக்கு அதுபாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். கையை நீட்டி அணைத்தேன். குழந்தைக்கு மூச்சு திரும்பும்வரை இருட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.