சுவருக்கு அந்தப் பக்கத்துப் போன்

விடிந்தால் நேர்காணல். சாயங்காலம் ஆகியும் இணையம் அறுந்து அறுந்து விழுந்துகொண்டிருந்தது.

தாமரைச்செல்வி மோடத்துக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து அந்தப் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். நின்று எரியும். திடீரென்று சிமிட்டும். அணையும். சென்னையில் ஒரு தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வேதியியல் முடித்து வீட்டோடு கிடந்தவளுக்கு வந்த முதல் அழைப்பு. வீடியோவில் பேச வேண்டும். பூவம் கிராமத்தில் அவர்கள் தெருவில் செல்லில் பேசவே மாடி ஏற வேண்டியிருக்கும். படம் ஓடவே ஓடாது. பழைய தரைவழிப் போன் கம்பியை விட்டால் வேறு கதியில்லை.

அந்த ஒரே கம்பியில்தான் பேச்சும் இணையமும் வருகின்றன. இரண்டும் கலந்துவிடாமல் பிரிக்கத் தீப்பெட்டியளவு வெள்ளை டப்பா ஒன்றை ஒவ்வொரு போனுக்கும் மாட்ட வேண்டும். ஃபில்டர். அது இல்லாத போனை யாராவது எடுத்தால் இணையம் போய்விடும். மோடத்தோடு இரண்டு கொடுத்திருந்தார்கள். கூடத்துப் போனுக்கு ஒன்றை மாட்டிவிட்டாள். வீட்டில் வேறு போன் கிடையாது.

"அந்த டப்பாவ இன்னுமா நோண்டுற? அதுல தண்ணி ஊத்துனாலாவது மீன் வளக்கலாம்" என்றார் அப்பா சுப்பையன், துண்டை உதறித் தோளில் போட்டபடி. டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார்.

விளக்கு மறுபடி அணைந்தது. அவள் எழுந்து ரிசீவரைக் காதில் வைத்தாள். டயல் டோன் இல்லை. யாரோ மூச்சு விட்டார்கள். அப்புறம் ஒரு குக்கர் விசில். ஒரு காதில் போனுக்குள்ளிருந்து, இன்னொரு காதில் சுவரைத் தாண்டி.

அந்தச் சுவர், பெரியப்பா நீலமேகமும் அப்பாவும் வீட்டைப் பிரித்துக்கொண்டபோது எழுப்பியது. வரப்புத் தகராறில் பெரியப்பா மகன் கதிரவன் அப்பாவைச் சேற்றில் தள்ளினான். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நல்லது கெட்டது கிடையாது. பெரியப்பா செத்த அன்றைக்கும் அப்பா வயலை விட்டு வரவில்லை.

வாசலுக்குப் போய் இறவாரத்தைப் பார்த்தாள். சுண்ணாம்பு பூசி மறைந்திருந்த ஒரு கம்பி, போன் கம்பி இறங்கும் பெட்டியிலிருந்து பிரிந்து சுவரைத் தாண்டிப் போனது. கதிரவன் குவைத்துக்குப் போவதற்கு முன்னால் இழுத்திருக்க வேண்டும். கட்டிங் பிளேயரால் ஒரு வெட்டு. யாருக்கும் தெரியாது. அவளுடைய நேர்காணல் நடந்துவிடும்.

பிளேயரை எடுத்தாள். என்ன நினைத்தாளோ, மிச்சமிருந்த ஃபில்டரையும் எடுத்துக்கொண்டு கொல்லை வழியாகப் போனாள்.

ராஜம் பெரியம்மா அவள் கையைத்தான் முதலில் பார்த்தாள்.

"அறுக்கவா வந்த? ஒங்கப்பன் அனுப்பிச்சானா?"

"இல்ல பெரியம்மா. அவருக்குத் தெரியாது." குரல் எழும்பவில்லை. ஃபில்டரை நீட்டினாள். "இத மாட்டணும். நீங்க எடுத்தா எனக்கு நெட்டு போயிடுது."

"நான் யார்கிட்டடி பேசப் போறேன்? லைன் உசுரோட இருக்கான்னு எடுத்துப் பாப்பேன், அவ்வளவுதான். எஞ் செல்லு செத்து நம்பரும் போயிடுச்சு. கதிரவனுக்கு மனப்பாடமா தெரிஞ்சது, வூடு ஒண்ணா இருந்தப்ப உள்ள இந்தப் பழைய நம்பர் ஒண்ணுதான்."

தாமரைச்செல்வி ஃபில்டரை மாட்டத் தொடங்கினாள்.

"அடிக்கத்தான் செய்யுது" என்றாள் பெரியம்மா. "மாட்டுக்கிட்டேருந்து ஓடியாறத்துக்குள்ள நின்னுடுது. எடுத்தா ஙொய்யின்னு கேக்குது. என்னா அவசரமோ அவனுக்கு."

தாமரைச்செல்வியின் விரல்கள் நின்றன. இங்கே அடித்தால் அங்கேயும் அடிக்கும். அங்கே போனுக்குப் பக்கத்தில்தான் அப்பாவின் நாற்காலி. எடுத்ததும் சட்டென்று "ராங் நம்பர்" என்று வைத்துவிடுவார். இந்த மாசமே எத்தனை ராங் நம்பர்? 'யாருப்பா?' என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

பெரியம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் கேட்கவில்லை. சோறு போட்டாள். அவர் சாப்பிட்டார்.

மறுநாள் காலை படம் கண்ணாடி மாதிரி நின்றது. திரையில் ஒரு அம்மாள், கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக் கேட்டார்: "கடலோரத்துலதானே இருக்கீங்க? கிணத்துத் தண்ணியில குளோரைடு எவ்வளவுன்னு எப்படிப் பாப்பீங்க?"

"வெள்ளி நைட்ரேட் வச்சு, மேடம்..."

கூடத்தில் போன் அடித்தது. பச்சை விளக்கு அசையவில்லை. அப்பாவின் நாற்காலி கிறீச்சிட்டது.

அவள் எழுந்துவிட்டாள். கூடத்துக்கு ஓடி, ரிசீவரைப் பிடித்திருந்த அப்பாவின் கை மேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

"எடுக்காதீங்கப்பா."

"யாருன்னு தெரியாம..."

"எனக்குத் தெரியும். ஒங்களுக்குந்தான் தெரியும்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கைக்கு அடியில் மணி அதிர்ந்துகொண்டே இருந்தது. 'பெரியம்மா, ஓடி வா. மாட்டை விட்டுட்டு ஓடி வா.'

மணி பாதியில் அறுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் பெரிதாக எழும்பி, உடைந்து, அப்படியே தாழ்ந்தது.

"அந்த வூட்டுக்குப் போனியா?" என்றார் அப்பா. கையை அவர் இழுக்கவில்லை. அவள் கையை எடுத்தால் இவர் ரிசீவரை எடுத்துவிடுவாரோ, தெரியவில்லை.

உள்ளேயிருந்து கேட்டது: "தாமரைச்செல்வி? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம்!" நின்ற இடத்திலிருந்தே கத்தினாள். தன் குரலா அது என்றிருந்தது. "பொட்டாசியம் குரோமேட் ரெண்டு சொட்டு விடணும். அப்புறம் வெள்ளி நைட்ரேட்டக் கொஞ்சங் கொஞ்சமா..."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவள் கையை எடுக்கவில்லை. சோதனை முடிந்து தண்ணீரில் செங்கல் நிறம் வரும் கட்டம் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனாள்.