லாபம், ஒண்ணு, ரெண்டு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், தூத்துக்குடி துறைமுகச் சாலையில் உள்ள ஒரு கிளியரிங் கம்பெனியில் பெட்டி எண்ணிக் கணக்கெழுதும் டாலி கிளார்க் பிச்சையா, வயது ஐம்பத்தொன்று, இன்று பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு டிஜிட்டல் யுகத்தினுள் வலது காலை எடுத்து வைத்தார்... வைத்ததும் திரையில் சிவப்பாக ஒரு வரி, பரீட்சைக்கு அவர் எழுதிய புரோகிராமில் சின்டாக்ஸ் எரராம், மூன்றாவது வரியாம், என்ன குறைச்சல் மூன்றாவது வரிக்கு, ஃபார் இருக்கிறது, ரேஞ்ச் இருக்கிறது, அடைப்புக்குறி திறந்ததும் மூடியதும் இருக்கிறது, கடைசியில் ஒரு கோலன், அதுதான் இல்லை, இரண்டு புள்ளிக்காக ஒரு மெஷின் இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளுமா, இருபத்தாறு வருஷத்தில் கஸ்டம்ஸ்காரன்கூட இத்தனை கறார் பண்ணியதில்லை. வைத்தார். இப்போது நாலாவது வரி என்கிறது, நாலு இடம் தள்ளி எழுத வேண்டுமாம்... தள்ளினார். பன்னிரண்டு கண்டெய்னர் எண்களை ஒரு அரேயில் வரிசையாக அடுக்க வேண்டும், லூப் போட்டு ஒவ்வொன்றாகத் திரைக்கு வரவழைக்க வேண்டும், நாலு மணிக்குள். பாஸானால் டிஜிட்டல் டாலி ஆபீசர். ஆகாவிட்டால்? கம்பெனி விட்ட சர்க்குலரில் அது இல்லை, எல்லோருக்கும் தெரிந்ததை எதற்கு எழுதுவது, யார்டுதான், தகரம் கொதிக்கிற வெயிலில் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே நாள் முழுக்க நிற்பது. முட்டியில் ஆபரேஷன் பண்ணிய டாக்டர் நிற்கவே கூடாது என்றார், அதைக் காட்டித்தான் இந்த ஏசியும் மேஜையும் கிடைத்தது, இதையும் விட்டால்...

பக்கத்து சீட்டில் ஆறுமுகத்தாய், அதே செக்‌ஷன், அதே பரீட்சை, முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். “என்ன அண்ணாச்சி, ஒமக்கு ஓடுதா?” “எங்க ஓடுது, நொண்டுதுளா.” “எனக்குப் படுத்தே கெடக்கு.” “ஒன் மகளுக்குக் கம்ப்யூட்டர் பாடமெல்லாம் நீதான வீட்டுல சொல்லிக்குடுக்கேன்னு சொன்ன?” “அது அவ பாடம் அண்ணாச்சி” என்றாள், இன்னொரு முறுக்கை எடுத்தாள். படுத்துக் கிடப்பதை எழுப்ப வேண்டும் என்ற கவலையே இல்லாமல் ஒருத்தியால் எப்படி முறுக்குத் தின்ன முடிகிறது...

ஓடவிட்டார், ஓடியது, பதினோரு எண் வந்தது, பிறகு மறுபடி சிவப்பு, வரிசையில் இல்லாத பெட்டியைக் கேட்கிறீராம். இருக்கிற பெட்டியையே ஒன்று காணோம், இரண்டாவது, எங்கே போனது? முதல் பெட்டிக்கு நம்பர் ஜீரோ சார் என்று அந்த ரங்கநாத், கம்பெனி சென்னையிலிருந்து வரவழைத்த பயிற்சியாளன், காலையில் சொன்னபோது மற்றவர்கள் முழித்தார்கள், பிச்சையா முழிக்கவில்லை, ஏரல் களத்தில் நெல் அளக்கிற எவனும் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டான், லாபம் என்பான், அடுத்தது ரெண்டு, கப்பலடியில் பெட்டி எண்ணும்போதும் அவருக்கு அதே வாய்தான். சரி, மெஷினுக்கும் மரியாதை தெரிந்திருக்கிறது என்று லாபத்தைத் தனி வரியில் கூப்பிட்டுவிட்டு லூப்பை ரெண்டிலிருந்து பன்னிரண்டு வரை விட்டிருந்தார்... அட, இதற்கு லாபத்துக்கு அடுத்தது ஒண்ணு. கடைசிப் பெட்டி பதினொண்ணு. அதனால்தான் நடுவில் ஒன்று விழுந்து, முடிவில் ஒன்று கூடி... அலுப்பாக இருந்தது, ஐம்பத்தொரு வயதில் எண்ணக் கற்றுக்கொள்வது. தனி வரியை அழித்தார், லூப்பை ஜீரோவில் ஆரம்பித்துப் பதினொண்ணில் நிறுத்தினார், லாபம், ஒண்ணு, ரெண்டு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே பொத்தானைத் தட்டினார். பன்னிரண்டும் வந்தன, சிவப்பு இல்லை, மணி மூன்று ஐம்பத்தெட்டு.

ரங்கநாத் குனிந்து பார்த்து, “சூப்பர் சார், மொத்த செக்‌ஷன்ல நீங்க ஒருத்தர்தான்” என்று கை குலுக்கினான். “அப்ப இந்த மேஜை எனக்குத்தான தம்பி?” “மேஜையா? டிஜிட்டல் டாலிக்கான டேப்லெட்ட யார்டுலதானே சார் யூஸ் பண்ணணும். தெரிஞ்சவங்கதான் அங்க நிக்கணும், திங்கள்லேர்ந்து நீங்க. மத்தவங்க இங்கயே பழையபடி பேப்பர்ல பாக்கட்டும்.” பிச்சையா திரும்பினார். ஆறுமுகத்தாய் கணினியை அணைத்துவிட்டு டிபன் கேரியரைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள், அவசரமே இல்லை, முகத்தில் தோற்றவளின் களையும் இல்லை... இவளுக்கு முன்னமே தெரியுமோ? யார் சொல்லியிருப்பார்கள்? கேட்டால் சிரிப்பாள், அவ்வளவுதான்.

பிச்சையா பாஸாகிவிட்டார்.